சிவப்பாகத் தெரிவதெல்லாம் காசநோய் அல்ல

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநர், மாநிலக் காசநோய் அலுவலர் ஆகியோருக்கு,

வணக்கம்.

நான் ஒரு நுண்ணுயிரியலாளர். மைக்கோபாக்டீரியா என்னும் ஒரே குடும்பத்தைப் பார்த்தே என் பணிக்காலம் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் குடும்பத்தில் ஊரறிந்தவை இரண்டு. 1873இல் நார்வேயில் ஹான்சன் கண்ட தொழுநோய்க் கிருமி ஒன்று. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் அறிவித்த காசநோய்க் கிருமி மற்றொன்று. இவ்விரண்டுக்கும் அரசிடம் திட்டம் இருக்கிறது, நிதி இருக்கிறது, பதிவேடு இருக்கிறது, ஆண்டுதோறும் நாள் குறித்து உறுதிமொழி எடுக்கும் வழக்கமும் இருக்கிறது. நான் எழுத வந்தது மற்றவற்றைப் பற்றி. மண்ணிலும் குளத்திலும் குடிநீர்க் குழாயின் உள்சுவரிலும் வாழ்கிற ஏறத்தாழ 200 இனங்கள் இந்தக் குடும்பத்தில் உண்டு. ஆய்வகத்தில் இவற்றை என்.டி.எம். என்று சுருக்கமாகச் சொல்லுவோம். காசநோயும் தொழுநோயும் உண்டாக்காத மைக்கோபாக்டீரியா என்பது பொருள். பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்வதில்லை. சில செய்கின்றன. செய்யும்போது நம் மருத்துவமனைகள் அதைக் காசநோய் என்று எழுதிக்கொள்கின்றன.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். காசநோய் மருந்து தொடங்கும் முன்போ, தொடங்கியும் பலன் இல்லாதபோதோ, கிருமியை வளர்த்து அதன் இனத்தைக் கண்டுபிடிப்பதைக் கட்டாயமாக்குங்கள். அது காசநோய்க் கிருமி அல்ல என்று தெரிந்த பிறகு அந்த நோயாளியைக் கைவிடாதீர்கள். மடலின் மிச்சமெல்லாம் இதற்கான காரணங்கள்தாம்.

நோயாளியின் சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, கார்பால் ஃபுக்சின் ஊற்றி, ஆவி கிளம்பும்வரை அடியில் சூடு காட்டுகிறோம். பிறகு 25 சதவீதக் கந்தக அமிலம். மற்ற கிருமிகளில் ஏறக்குறைய எல்லாமே அமிலத்தில் சாயத்தை விட்டுவிடும். மைக்கோபாக்டீரியா விடாது. அதன் சுவரில் மைக்கோலிக் அமிலம் என்ற மெழுகுத் தன்மையான பொருள் இருப்பதே காரணம். கடைசியில் மெத்திலீன் நீலம். எண்ணெய் விட்டு உருப்பெருக்கியில் பார்த்தால் நீலப் பின்னணியில் சிவப்பாக, மெல்லிய குச்சிகள். ஆய்வக நுட்புநர் ‘ஏ.எஃப்.பி. பாசிட்டிவ்’ என்று எழுதுவார். அவர் எழுதியது சரி. அமிலத்தில் நிறம் விடாத குச்சி என்பதுதான் அதன் பொருள். அதைக் ‘காசநோய்’ என்று படிப்பது மருத்துவரின் கண். காசநோய்க் கிருமியும், என்.டி.எம். இனங்களான அபசெஸ்ஸஸும் கன்சாசியும் ஏவியமும் இந்தச் சாயத்தில் ஒரே சிவப்பாகத்தான் நிற்கும். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது.

எங்கள் ஆய்வகத்துக்கு வந்த ஒரு சீழ் மாதிரியின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நடுத்தர வயதுப் பெண்மணி. பித்தப்பைக் கல்லுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் லேப்ராஸ்கோபி அறுவை நடந்தது. மறுநாளே வீடு திரும்பினார், துளைகளும் ஆறின. சில வாரங்கள் கழித்துத் தொப்புளுக்கு அருகிலிருந்த தழும்பின் அடியில் ஒரு கட்டி எழுந்தது. வலி அதிகமில்லை, காய்ச்சல் இல்லை. தோல் கருநீலமாகி, உடைந்து, தண்ணீராகச் சீழ் வடிந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சீழைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினார்கள். 48 மணி நேரத்தில் ‘வளர்ச்சி இல்லை’ என்று அறிக்கை வந்தது. வேறு ஆன்டிபயாடிக். கிழித்துச் சுத்தம் செய்தார்கள். பக்கத்துத் துளையிலும் கட்டி வந்தது. சதைத் துணுக்கைப் பரிசோதித்தவர், காசநோயில் காணப்படுவது போன்ற உயிரணுத்திரள் இருப்பதாக எழுதினார். அன்றே காசநோய் மாத்திரை தொடங்கியது. ஆறு மாதம் முறை தவறாமல் விழுங்கினார். புண் அப்படியே இருந்தது.

இதில் யாரும் அலட்சியமாக இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் பாடப்புத்தகப்படிதான் நடந்திருக்கிறார்கள். சிக்கல் அந்த 48 மணி நேரத்தில் இருக்கிறது. சீழில் வழக்கமாகத் தேடப்படும் கிருமிகள் ஒரு நாளில் வளர்ந்துவிடும். ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். ஆகவே இரண்டு நாளில் கிருமி வளர்க்கும் தட்டைக் கழுவப் போட்டுவிடுவது எல்லா ஆய்வகங்களிலும் நடைமுறை. மைக்கோபாக்டீரியாவில் ‘வேகமாக வளர்பவை’ என்று நாங்கள் சொல்லும் அபசெஸ்ஸஸ், ஃபார்ச்சுவிட்டம், செலோனே ஆகியவற்றுக்கே மூன்று முதல் ஏழு நாள் ஆகும். அந்தப் பெண்மணியின் முதல் மாதிரியும் தட்டில் வளரத் தொடங்கியிருக்கக்கூடும். பார்ப்பதற்குள் அது ஆட்டோகிளேவுக்கு, அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் கலனுக்கு, போயிருக்கும். எங்களிடம் வந்த மாதிரியில் நான்காம் நாள் காலையில் ஊசிமுனை அளவுப் புள்ளிகள் தெரிந்தன. சாதாரண ரத்த அகார் தட்டுதான். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. தட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தோம், அவ்வளவுதான்.

அடுத்தது எம்.பி.டி. 64 பட்டை. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையின் அளவுதான் இருக்கும். வளர்ந்த கிருமியைக் கரைத்து ஒரு சொட்டு விட்டால், காசநோய்க் கிருமியாக இருந்தால் கால் மணி நேரத்தில் இரண்டாவது கோடு விழும். விழவில்லை. மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்ததில் மைக்கோபாக்டீரியம் அபசெஸ்ஸஸ். காசநோய்க்கான முதன்மை மருந்துகளான ஐசோநியாசிடுக்கும் ரிஃபாம்பிசினுக்கும் இயல்பிலேயே அசைந்துகொடுக்காத கிருமி அது. ஆறு மாதம் அந்தப் பெண்மணியின் கல்லீரல் சுமந்த மாத்திரைகள் அந்தக் கிருமிக்கு ஒரு பொருட்டே அல்ல.

இதற்கு மேலும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. அபசெஸ்ஸஸுக்குக் கொடுக்கும் முக்கியமான மருந்து கிளாரித்ரோமைசின். மருந்து கேட்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்தால், மூன்றாம் நாள் ‘கேட்கிறது’ என்று தெரியும். அறிக்கை அன்றே கொடுத்துவிட்டால் மருத்துவர் நம்பி எழுதுவார். அதே குழாயைப் பதினான்காம் நாள்வரை வைத்துப் பார்த்தால் கிருமி மருந்துக்குள்ளேயே செழித்து வளர்ந்திருக்கும். மருந்தைச் சந்தித்த பிறகே விழித்துக்கொள்ளும் ஒரு மரபணு, ‘இ.ஆர்.எம். 41’ என்று பெயர், இந்தக் கிருமியிடம் இருக்கிறது. இதன் துணையினமான மசிலியென்சில் அந்த மரபணு சிதைந்து கிடப்பதால் அங்கே கிளாரித்ரோமைசின் வேலை செய்யும். ஆக, இனத்தைக் கண்டுபிடித்தாலும் போதாது, துணையினம்வரை போக வேண்டும். இப்படிச் சொல்லும்போது ஆராய்ச்சியாளர்களின் நுணுக்க வெறி என்று சிலர் சிரிப்பதுண்டு. வாய்வழி மாத்திரையோடு முடியுமா, மாதக்கணக்கில் அமிக்கசின் ஊசியோடு காது கேட்கும் திறனையும் கண்காணித்துக்கொண்டு இருக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிற நுணுக்கம் இது.

கிருமி எங்கிருந்து வந்தது என்று அந்தக் குடும்பத்தார் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்த மருத்துவமனையின் தண்ணீரையோ கருவிகளையோ யாரும் பரிசோதிக்காததால் அவர்கள் விஷயத்தில் என்னால் பதில் சொல்ல முடியாது. பொதுவாக என்ன நடக்கிறது என்று சொல்ல முடியும். லேப்ராஸ்கோபிக் கருவி நீளமானது, இடுக்குகளும் இணைப்புகளும் உள்ளது. முன் அறுவையின் ரத்தமும் சதைத் துணுக்கும் அந்த இடுக்கில் தங்கும். ஒரே நாளில் நான்கைந்து அறுவை இருந்து கருவிப் பெட்டி ஒன்றோ இரண்டோ மட்டும் இருக்கும் இடங்களில், இடைவேளையில் கருவியை இரண்டு சதவீதக் குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினித் திரவத்தில் இருபது நிமிடம் போட்டு எடுக்கிறார்கள். இருபது நிமிடம் என்பது கிருமிகளைக் குறைக்கும் நேரம். முழுமையான கிருமி நீக்கத்துக்கு அதே திரவத்தில் பத்து மணி நேரம் ஊற வேண்டும். அதன் பிறகு நடப்பது இன்னும் மோசம். திரவத்தின் காரம் போக வேண்டுமே என்று கருவியைக் குழாய்த் தண்ணீரிலோ, காய்ச்சி ஆறவைத்துப் பாத்திரத்தில் நாள் முழுக்க வைத்த தண்ணீரிலோ அலசுகிறார்கள். என்.டி.எம். வாழும் இடமே அந்தத் தண்ணீர்தான். குடிநீரில் கலக்கும் குளோரின் அளவை அது எளிதில் தாங்கும். குழாயின் உட்புறம் வழுவழுப்பான படலம் கட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். பாடுபட்டுச் சுத்தம் செய்த கருவியில் கடைசி நிமிடத்தில் நாமே கிருமியைத் தடவி வயிற்றுக்குள் அனுப்புகிறோம்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த கேடு அல்ல. பிரேசில் இதை நம்மைவிடப் பெரிய அளவில் பட்டு அனுபவித்தது. ரியோ டி ஜெனிரோவில் 2006 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக்குள் 60க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் லேப்ராஸ்கோபி போன்ற அறுவைகளுக்குப் பிறகு இத்தகைய தொற்றுக்கு ஆளானதாகச் சந்தேகிக்கப்பட்டது. ஆய்வில் சிக்கியது மசிலியென்ஸ். பல மருத்துவமனைகளில் ஒரே வம்சம். அது இரண்டு சதவீதக் குளூட்டரால்டிஹைடுக்கே சாகாத வம்சம் என்பதும் தெரியவந்தது. அந்நாட்டுச் சுகாதாரக் கண்காணிப்பு அமைப்பு என்ன செய்தது தெரியுமா? 2009 பிப்ரவரியில், உடலுக்குள் துளையிட்டுச் செலுத்தும் இத்தகைய கருவிகளைத் திரவத்தில் ஊறவைத்துக் கிருமி நீக்கம் செய்வதையே தடை செய்தது. ஆட்டோகிளேவ் அல்லது அதற்கு இணையான முறை, இல்லையென்றால் அறுவை இல்லை. அங்கே அந்த முடிவை எடுக்க முடிந்ததற்குக் காரணம், முதலில் யாரோ தட்டைத் தூக்கி எறியாமல் வைத்துப் பார்த்தார்கள், கிருமிக்குப் பெயர் வைத்தார்கள், ஊர் ஊராக எண்ணினார்கள்.

ஐரோப்பாவில் திறந்த இதய அறுவையின்போது ரத்தத்தின் வெப்பத்தைச் சீராக்கும் இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைமேரா என்ற இனம் காற்றில் கிளம்பி நோயாளியின் மார்புக்குள் இறங்கியது. அறுவைக்குச் சில ஆண்டுகள் கழித்தே நோய் வெளிப்பட்டது. சூரிச்சில் தொடங்கிய விசாரணை பல நாடுகளுக்கு நீண்டு, மரபணு ஒப்பீட்டின் மூலம் இயந்திரம் தயாரான ஆலைவரை போனது. இனம் காணும் ஆய்வகம் கையில் இல்லாவிட்டால் அங்கேயும் அது தனித்தனி நோயாளிகளின் தலைவிதியாகத்தான் முடிந்திருக்கும்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம் நாட்டுக்கே முன்னோடி. தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 1997ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது, 2018இல் விதிகளும் வந்துவிட்டன. பதிவுக்காக ஆய்வு செய்ய வருகிறவர்கள் கட்டில்களின் இடைவெளியை அளக்கிறார்கள். அறுவை அரங்கின் பின்பக்கத்தில் கருவி அலசும் தொட்டியையும் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். குளூட்டரால்டிஹைடைக் கலக்கிய தேதி பாத்திரத்தில் எழுதியிருக்கிறதா? அலசுவதற்குக் கிருமி நீக்கிய நீர் வைத்திருக்கிறார்களா? கருவியைப் பகுதி பகுதியாகக் கழற்றித் துலக்குகிறார்களா? அறுவைக்குப் பின் வந்த என்.டி.எம். தொற்றை அறிவிக்க வேண்டிய நோயாக்குங்கள். காசநோயை 2012 மே மாதத்தில் அறிவிக்க வேண்டிய நோயாக்கியபோது தனியார் மருத்துவர்கள் முணுமுணுத்தார்கள். இன்று அது பழகிவிட்டது. இதுவும் பழகிவிடும்.

நுரையீரல் விஷயம் வேறு மாதிரிச் சிக்கலானது. பழைய காசநோயால் நுரையீரலில் தழும்பும் பொந்தும் உள்ளவர்கள், நூற்பாலையிலும் கல்குவாரியிலும் தூசி தின்றவர்கள், மூச்சுக்குழாய் விரிந்துபோனவர்கள், இவர்களிடம் ஏவியம், இன்ட்ராசெல்லுலாரே என்ற என்.டி.எம். இனங்கள் குடியேறும். இருமல், எடை இழப்பு, சளியில் ரத்தம், எக்ஸ்ரேயில் நிழல். காசநோய்க்குச் சொல்லும் அறிகுறிகள் ஒன்றுகூட மாறாது. சிபிநாட் கருவியும் ட்ரூநாட் கருவியும் காசநோய்க் கிருமியின் மரபணுவை மட்டும் தேடும்படி அமைந்தவை. அவை ‘காணப்படவில்லை’ என்று சொல்லும். அந்தக் கருவிகளை நான் குறை சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் ரிஃபாம்பிசின் எதிர்ப்பையும் சேர்த்துச் சொல்லிவிடும் வசதி ஒரு தலைமுறைக்கு முன் எங்களுக்குக் கனவு. ஆனால் சளித் துண்டில் சிவப்புக் குச்சி இருக்கிறது, கருவி இல்லை என்கிறது என்றால், அந்த முரண்பாடே ஒரு தகவல். அந்த நிமிடம் மாதிரி கல்ச்சருக்குப் போக வேண்டும். நடப்பது என்ன? ‘கருவி தவறியிருக்கும், எக்ஸ்ரே காசநோய் மாதிரிதான் இருக்கிறது’ என்று மாத்திரை தொடங்கப்படுகிறது. இப்போது பல இடங்களில் சளித் துண்டு பார்ப்பதே குறைந்து நேரடியாகக் கருவிக்குப் போவதால், அந்த முரண்பாடு கண்ணில் படும் வாய்ப்பும் போய்க்கொண்டிருக்கிறது.

இதைவிடக் கொடிய வழுக்கல் ஒன்று உண்டு. கிருமியை வளர்த்து, இனம் பார்க்காமல் மருந்துப் பரிசோதனை மட்டும் செய்தால் என்.டி.எம். பல மருந்துகளுக்கும் நடுவே சாதாரணமாக வளரும். அறிக்கையில் அது பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் என்று விழும். நோயாளி ஆறு மாத மருந்திலிருந்து நீண்ட மருந்துக்கு மாற்றப்படுவார். தினமும் கனமைசின் ஊசி போட்ட காலத்தில் காது போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் இருந்தது என்று இனி எண்ணிப் பார்க்க வழியில்லை; அந்தக் கிருமிகளை யாரும் சேமித்து வைக்கவில்லை.

சரி, ஒருவருக்கு இருப்பது என்.டி.எம். என்று நாங்கள் நிறுவிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு என்ன கிடைக்கிறது? முதலில் காசநோயாளிகளுக்கான அரசின் இணையப் பதிவேடான நிக்ஷயிலிருந்து பெயர் எடுக்கப்படும், காசநோய் இல்லையே. இலவச மருந்து நிற்கும். 2018 ஏப்ரலில் 500 ரூபாயாகத் தொடங்கி 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்ந்த மாதாந்திர ஊட்டச்சத்து உதவி நிற்கும். வீட்டுக்கு வந்து மாத்திரை விழுங்கினாரா என்று கேட்ட களப்பணியாளர் வரமாட்டார். ஏவியம் நோய்க்கு அசித்ரோமைசின், ரிஃபாம்பிசின், எத்தம்ப்யூட்டால் மூன்றையும் சேர்த்து, சளியில் கிருமி மறைந்த பிறகும் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும். அதை அவர் மருந்துக் கடையில் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். தவறான நோய்ப்பெயரோடு இருந்தவரை அரசு அவரைத் தாங்கியது. சரியான பெயர் கிடைத்த அன்று தெருவில் விட்டது. இந்த நிலை தெரிந்த ஒரு மருத்துவர் என்னிடம், ‘பெயரை மாற்றாமல் விட்டால் மாத்திரையாவது ஓசியில் கிடைக்கும்’ என்றார். என்னால் அவரோடு சண்டை போட முடியவில்லை.

என்.டி.எம். வளர்ந்துவிட்டாலே நோய் என்று நான் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டுச் சளி கொடுத்தால்கூட அது தட்டில் வந்து நிற்கும். அதனால்தான் உலகெங்கும் பின்பற்றும் நெறிமுறை, இரண்டு வெவ்வேறு சளி மாதிரிகளில் ஒரே இனம் வளர வேண்டும், படத்திலும் உடலிலும் அடையாளம் இருக்க வேண்டும், வேறு நோய் இல்லை என்று உறுதியாக வேண்டும் என்கிறது. கிடைத்ததும் மருந்தை அள்ளிக் கொட்டுவது இன்னொரு வகை முட்டாள்தனம். சிலருக்குப் பார்த்துக்கொண்டிருப்பதே போதும். இந்தத் தீர்ப்பைச் சொல்லவும் இனம் தெரிய வேண்டும்.

இவ்வளவையும் தமிழ்நாட்டு அரசிடம் சொல்வதில் எனக்கு ஒரு தனி உரிமை இருப்பதாக நினைக்கிறேன். இந்தச் சுற்றுச்சூழல் மைக்கோபாக்டீரியா பற்றி உலகம் கற்றுக்கொண்ட முக்கியமான பாடங்களில் ஒன்று நம் செங்கல்பட்டு மண்ணிலிருந்து போனது. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசிப் பரிசோதனை தொடங்கியது. 2.5 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டு 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். காசநோய்க்கு எதிராக மனிதர்கள் நடத்திய பரிசோதனைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை என்ற முடிவு வந்தபோது உலகமே திகைத்தது. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வகைக் கடுமையான காசநோய் வராமல் காக்கிறது என்பதால் பிறந்ததும் போடும் ஊசி இன்றும் தொடர்கிறது, தொடரவும் வேண்டும். ஆனால் செங்கல்பட்டில் ஏன் தோற்றது? தோல் பரிசோதனையில் அந்தப் பகுதி மக்களில் பெரும்பாலோர் இளம் வயதிலேயே மண்ணிலும் நீரிலும் உள்ள வேறு மைக்கோபாக்டீரியாவோடு பழகியிருந்தது தெரிந்தது. அந்தப் பழக்கம் கொஞ்சம் பாதுகாப்பைக் கொடுத்து ஊசியின் பலனை மறைத்துவிட்டதா, அல்லது ஊசி வேலை செய்யாமல் தடுத்துவிட்டதா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எப்படியிருந்தாலும் இந்தக் கிருமிகள் நம் தண்ணீரில் நிறைய இருக்கின்றன என்பது இந்த அரசுக்கு அரை நூற்றாண்டாகத் தெரிந்த செய்தி.

அதற்கும் முன்பு, 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையான சானடோரியத்தில் ஓராண்டு படுத்துக் கிடந்தவருக்கும் குடிசையில் இருந்தபடி மாத்திரை விழுங்கியவருக்கும் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1959இல் நிறுவியது. உலகம் சானடோரியங்களை மூடத் தொடங்கியதற்கு அந்த முடிவு ஒரு பெருங்காரணம். அங்கே கிருமி வளர்த்தவர்கள் குளிரூட்டப்பட்ட அறையோ கணினியோ இல்லாத காலத்தில் முட்டைக் கலவையைக் குழாயில் சாய்த்து உறையவைத்து, எட்டு வாரம் காத்திருந்து, ஒவ்வொரு நோயாளியின் கிருமிக்கும் மருந்து கேட்கிறதா என்று மாதாமாதம் எழுதி வைத்தவர்கள். அந்த மரபு இங்கே இன்னும் இருக்கிறது. சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சில மருத்துவக் கல்லூரி ஆய்வகங்களும் இனம் காணத் தெரிந்தவையே. திறமை இல்லை என்பது பிரச்சினை அல்ல. மாதிரியை அனுப்பு என்ற உத்தரவு இல்லை.

‘காசநோய்க்கே பணம் போதவில்லை, இதற்கு எங்கே போவது’ என்று கேட்பீர்கள். 2023ஆம் ஆண்டு உலகக் காசநோயாளிகளில் 26 சதவீதம் இந்தியர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அந்தச் சுமையின் முன்னால் இது சின்ன விஷயமாகத் தெரிவது இயல்பு. ஆனால் நான் கேட்பது தனி ஆய்வகம் அல்ல. அதே பாதுகாப்புப் பெட்டி, அதே குழாய், அதே ஆட்கள். வளர்ந்து வந்த ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு பட்டைப் பரிசோதனை. கோடு விழாதவற்றை மட்டும் மேல் ஆய்வகத்துக்கு அனுப்புவது. அறுவைப் புண் சீழுக்குத் தட்டை ஏழு நாள் வைத்திருப்பது. இதற்கு அடைகாப்பானில் ஓர் அடுக்கு இடம் வேண்டும், வேறு செலவில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதல் பட்டியலில் இந்த நோயாளிகளுக்கான மருந்துகளைத் தனித் தலைப்பில் சேர்ப்பது. மாநிலம் முழுவதற்கும் சேர்த்தாலும் ஆட்கள் குறைவு என்பதால் தொகை பெரிதாக இருக்காது. தவறான மருந்தை ஆறு மாதம் கொடுக்கும் செலவு இப்போது எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

ஆராய்ச்சி நிதி வழங்குவோருக்கும் இதில் ஒரு வரி உண்டு. என் மாணவர்கள் புதிய மருந்து இலக்கு, புதிய புரதம் என்று எழுதினால் விண்ணப்பம் நகர்கிறது. ஓர் ஊரின் மருத்துவமனைக் குழாய்களில் என்ன இனங்கள் இருக்கின்றன என்று பார்க்கப் போகிறோம் என்று எழுதினால் ‘புதுமை இல்லை’ என்று திரும்பி வருகிறது. காசநோய்க் கிருமியின் முழு மரபணுத் தொகுதி, சுமார் 44 லட்சம் எழுத்துகள், 1998இலேயே வெளியாகிவிட்டது. நம் அறுவை அரங்கின் குழாயில் எது வாழ்கிறது என்பது இன்னும் தெரியாது.

2022இல் நீங்கள் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை நான் மதிக்கிறேன். எடை, மூச்சு வேகம், கால் வீக்கம் போன்ற எளிய அளவுகளைக் கொண்டே ஆபத்தான நோயாளியைப் பிரித்தெடுத்து உடனே படுக்கை கொடுக்க முடியும் என்று காட்டினீர்கள். அதே படிவத்தில் இன்னும் ஒரே ஒரு கட்டம் சேர்க்கலாம்: ‘கிருமியின் இனம்’. காலியாக இருந்தால் ஏன் காலி என்று யாராவது கேட்கும்படி.

அடுத்த மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் ஒவ்வொரு மாவட்டக் காசநோய் அலுவலரிடமும் மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள். சென்ற ஆண்டில் சளியில் குச்சி தெரிந்தும் கருவியில் காசநோய் இல்லை என்று வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரின் சளி கல்ச்சருக்குப் போனது, எத்தனை பேர் அந்த முடிவு வரும் முன்பே காசநோய் மருந்தில் வைக்கப்பட்டார்கள். எண்கள் கிடைத்த பிறகு நுட்புநர்களுக்குப் பயிற்சி தேவை என்று தோன்றினால் சொல்லியனுப்புங்கள். பட்டைப் பரிசோதனையையும் ஏழு நாள் தட்டையும் சொல்லிக்கொடுக்க ஒரு பகல் போதும். நானும் என் சக ஆய்வாளர்களும் எந்த மாவட்டத்துக்கும் வரத் தயார்.

இப்படிக்கு,
மைக்கோபாக்டீரியா ஆய்வகம் ஒன்றில் பணிபுரியும் நுண்ணுயிரியலாளர்